மம்பட்டித் துரைக்குத் தர வேண்டிய குழி

முதலில் அச்சுக் கோப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வரி மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கும். பெரிய ற எங்கே போட வேண்டும், சின்ன ர எங்கே போட வேண்டும் என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. முள்ளுக்குறிச்சியில் மாமன் வீட்டில் தங்கி ஐந்தாவது வரை படித்தேன். ஆறாவது போகும் நேரத்தில் மாமனின் எருமைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. படிப்பு அதோடு சரி.

மிளகு வாங்க மலைக்கு வரும் வியாபாரி, படித்து முடித்த வாரப் பத்திரிகைகளை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போவார். அதில் ஆளாளுக்குத் தங்கள் தெருவிலும் ஆபீசிலும் பார்த்த விசித்திர மனிதர்களைப் பற்றி எழுதுகிறார்கள். எங்கள் ஆளை இவர்கள் பார்த்ததில்லையே என்று எனக்குத் தோன்றும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. தாளில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

கொல்லிமலையில் கரடியைக் கண்டு ஓடியவர்கள் உண்டு. பாரஸ்ட் கார்டைக் கண்டு ஓடியவர்கள் அதைவிட அதிகம். ஆனால், "உங்களுக்கு இலவசமாக வேலை செய்து தருகிறேன்" என்று கும்பிட்டுக்கொண்டு வந்த ஒரு மனிதரைக் கண்டு தேவனூர் நாடு என்கிற எங்கள் மலைப் பகுதியில் எங்கள் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது என்றால், அது மம்பட்டித் துரையைக் கண்டுதான்.

அவர் கடல் தாண்டி வந்தவர். தங்கள் நாட்டில் சில இளைஞர்கள் இப்படிக் கிளம்பி, சம்பளம் வாங்காமல் வேறு தேசத்து ஏழைகளுக்கு உழைக்கிறார்கள் என்று சொன்னார். நாங்கள் ஏழைகள் என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. தன் பெயரையும் பல முறை சொல்லிக்கொடுத்தார். எங்கள் வாயில் அது மாட்டுக்கு வரும் ஒரு நோயின் பெயர் மாதிரி வந்ததால் விட்டுவிட்டோம். எந்நேரமும் தோளில் மம்பட்டியோடு திரிந்ததால் மம்பட்டித் துரை ஆனார்.

அது அறுபதுகளின் ஆரம்பம். மலைக்கு ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டி வரை பஸ்சில் வந்து, அப்புறம் நடைதான். அவருடைய தகரப் பெட்டியைத் தூக்க அடிவாரத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். துரை பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். வெறுங்கையோடு பின்னால் ஏறி வந்தவர்கள், துரைக்குத் தங்கள் மேல் என்ன கோபம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், ஊர்க்கவுண்டர் அவரை என் வீட்டை ஒட்டிய குடிசையில் தங்க வைத்தார். துரை தமிழ் படித்துவிட்டு வந்திருந்தார். அது ரேடியோ பேசும் தமிழ். என் மனைவி செல்லம்மா முதல் நாள் களி கிண்டிக் கொண்டுபோய் வைத்தாள். அவர் எழுந்து நின்று, "அம்மையே, தங்கள் அன்புக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்" என்றார்.

அவள் தலைதெறிக்க ஓடிவந்து என்னிடம், "ஏனுங்க, தொரை சாமி கும்பிடற மாதிரி என்னமோ சொல்றாருங்க. களி வேகலீங்களோ?" என்றாள்.

அவரைச் சர்க்கார் மேல் ஆபீஸ் அனுப்பியது குழி வெட்டத்தான். வீட்டுக்கு ஓர் எருக்குழி, ஒரு கக்கூஸ் குழி. கக்கூஸ் குழியைப் பற்றி அவர் விளக்கிச் சொன்னபோது பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஊர்க்கவுண்டர் மட்டும் மரியாதைக்காகக் கடைசிவரை கேட்டார்.

"இம்புட்டுப் பெரிய மலை இருக்குதுங்க தொரை. அதுக்குப் போயி ஒரு குழிக்குள்ள உக்கோரணுங்களா?"

"ஐயா, சுகாதாரம்."

"அவரு யாருங்க?"

எங்கள் மாடுகள் காட்டில் மேய்ந்து காட்டிலேயே சாணம் போட்டதால் எருக்குழிக்கும் வேலை இல்லை. ஆனாலும் வெட்டினார். வெயிலில் அவர் முதுகு வெந்த நண்டு மாதிரி சிவந்துபோகும். செல்லம்மா வேலியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பாள். ஒருநாள் அவள் கேட்டாள்: "ஏனுங்க தொரை, உங்க ஊர்ல மண்ணே இல்லீங்களா? இம்புட்டுத் தூரம் வந்து எங்க மண்ணத் தோண்டறீங்களே?"

துரைக்கு அந்தப் பேச்சு அவ்வளவு வேகமாகப் புரியாது. "நன்றி, அம்மையே" என்று சொல்லிவிட்டுத் தோண்டினார்.

குழி வெட்டியதோடு நின்றிருந்தால் ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டிருக்கும். சாமைக் காட்டில் களை எடுக்கும் காலம் வந்தபோது, கேட்காமலேயே எங்கள் ஊர்ப் பொன்னான் என்பவனின் காட்டில் இறங்கி நாள் முழுக்கக் களை பறித்தார். வம்பு அங்கே ஆரம்பித்தது.

எங்கள் மலையில் கூலி கிடையாது. மாத்தாள்தான். நீ வந்து என் காட்டில் ஒரு நாள் உழைத்தால், நான் வந்து உன் காட்டில் ஒரு நாள் உழைக்க வேண்டும். களைக்குக் களை, அறுப்புக்கு அறுப்பு, கூரைக்குக் கூரை. வேறு எதைக் கொடுத்தும் அதைத் தீர்க்க முடியாது. தீர்க்காமல் விட்டால் அடுத்த வருடம் சாமை பதராகப் போகும் என்பது எங்கள் நம்பிக்கை.

மறுநாள் விடியும்போதே பொன்னான் துரையின் குடிசை வாசலில் வந்து நின்றான். "வந்துட்டேனுங்க. காடு எங்கீங்க?"

"எனக்குக் காடு இல்லை, நண்பரே."

"அப்ப எதுல களை எடுக்கறதுங்க?"

"திருப்பித் தர வேண்டாம். இது சேவை."

பொன்னானுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் போகவில்லை. குடிசையைச் சுற்றி வந்தான். துரை தன் ஊரிலிருந்து விதை கொண்டுவந்து, தாயைவிட மேலாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு பூச்செடிப் பாத்தி வளர்த்திருந்தார். அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. பொன்னான் உட்கார்ந்து, ஒன்று விடாமல் வேரோடு பறித்து, வேலி ஓரம் குவித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தான். களைக்குக் களை தீர்ந்தது.

துரை அந்தக் குவியல் முன்னால் வெகுநேரம் நின்றார். அப்புறம் என்னிடம் வந்து, "சடையன், அவருக்கு என் மேல் என்ன கோபம்?" என்று கேட்டார்.

நான் மாத்தாள் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெய்மறந்து கேட்டார். "மிக உயர்ந்த பழக்கம்" என்றார். மறுநாள் காலை இன்னொருவர் காட்டில் களை எடுக்கப் போய்விட்டார்.

ஊர் என்ன செய்யும்? அவர் கூரை வேய்ந்து தந்தால் திருப்பி வேய அவருக்கு ஒரே ஒரு குடிசைதான். அதன் கூரையை அந்த வருடம் ஊரார் மாற்றி மாற்றிப் பிரித்து வேய்ந்துகொண்டே இருந்தார்கள். துரை மழையில் நனைந்துகொண்டு, "போதும், மிக்க நன்றி" என்று கெஞ்சுவார். கடைசியில் அவர் தலை மேட்டில் தெரிந்தாலே போதும், "மம்பட்டி வருது, மம்பட்டி வருது" என்று காட்டில் நிற்பவர்கள் புதருக்குள் பதுங்குவார்கள். அவர் ஆளில்லாத காட்டைப் பார்த்து, "பாவம், வேலைக்கு ஆள் இல்லை" என்று இறங்கி உழைப்பார். புதருக்குள் இருப்பவன் தலையில் அடித்துக்கொள்வான்.

இதுவரைக்கும்தான் சிரிப்பு.

பங்குனியில் அம்மை வந்தது. இப்போது பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய அம்மை என்னவென்றே தெரியாது. தெரிய வேண்டாம். வாசல்தோறும் வேப்பிலை ஏறியது. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை. கிணற்றடியில் பேச்சு நின்றது. கீழேயிருந்து அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு பாதிப் பேர் காட்டுக்குள் ஓடினோம். திரும்பி வந்தபோது நோயும் கூடவே வந்தது.

எங்கள் ஊரில் சாவுக்குப் பங்காளிகள்தான் குழி வெட்டுவார்கள். அந்த வருடம் பங்காளி வீட்டிலும் வேப்பிலை. முதலில் போனது பொன்னானின் அம்மா. வாசலில் பாடை கிடந்தது. யாரும் வரவில்லை. துரை மம்பட்டியோடு வந்தார். சட்டையைக் கழற்றி, கைப்புஜத்தில் இருந்த தழும்பைக் காட்டினார். "எனக்குச் சிறுவயதிலேயே அம்மை குத்தியிருக்கிறார்கள். எனக்கு வராது" என்றார். அதை அம்மன் போட்ட முத்திரை என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அன்று முதல் அவருக்கு ஓய்வில்லை. வேலை கொடு என்று ஊரைக் கெஞ்சியவருக்கு ஊர் கொடுத்த வேலை அது. மலை மண்ணுக்கு அடியில் பாறை. பாறை தட்டினால் இடம் மாற்றி மறுபடி வெட்டுவார். குழந்தைக்கு வெட்டும்போதும் ஆழத்தைக் குறைக்க மாட்டார். ரேடியோத் தமிழும் நின்றுபோனது.

சித்திரை பிறந்ததும் செல்லம்மா படுத்தாள். படுத்த இடத்திலும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. கதவுக்கு வெளியே துரையின் காலடிச் சத்தம் கேட்டது. "என்னுங்க தொரை, அளவெடுக்க வந்துட்டீங்களா? நான் இன்னும் இருக்கறனுங்க" என்றாள். அவருக்கு இப்போது எங்கள் பேச்சு நன்றாகப் புரிந்தது. தண்ணீர்க் குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் போன அன்று நான் குழி வெட்ட எழுந்தேன். எனக்கும் உடம்பில் முத்து போட்டிருந்தது. நிற்க முடியவில்லை. அவர் வெட்டினார். தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான். எனக்காக ஒரு கல்லைப் போட்டு உட்கார வைத்தார். மண் தள்ளும்போது பெரிய கட்டிகளைக் கையால் உடைத்து, பொடியாக்கித் தள்ளினார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

மழை வந்தது. நோய் இறங்கியது. மிஞ்சியவர்கள் வெளியே வந்து, யார் யார் இல்லை என்று தெரிந்துகொண்டோம். அடுத்த விதைப்புக்கு மாத்தாள் பேச ஊர் கூடியது. பொன்னான்தான் அதை ஆரம்பித்தான்.

"கவுண்டரே, தொரைக்கு என்ன பண்றதுங்க?"

"என்ன பண்றது? களைக்குக் களை எடுக்கறது."

"களை இல்லீங்க. குழி."

குழிக்குக் குழிதான் மாத்து. ஒரு வீட்டுச் சாவுக்கு வெட்டினவன் வீட்டில் சாவு விழுந்தால், இவர்கள் போய் வெட்ட வேண்டும். துரைக்கு இந்த மலையில் தாய் இல்லை, தகப்பன் இல்லை, பெண்டாட்டி இல்லை. அவர் வீட்டில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் துரை.

"அப்ப நாம மாத்துத் தீக்கணும்னா..." என்று கவுண்டர் இழுத்தார்.

"அதாங்க. வாங்கின மாத்து தானா தேடிக்கிட்டு வரும்னு சொல்லுவாங்க. தொரை இங்க இருந்தா அந்தச் சாவு அவரத் தேடும்" என்றான் பொன்னான்.

எல்லாரும் மேட்டைத் திரும்பிப் பார்த்தோம். துரை தூரத்தில் யாருக்கோ வேலி கட்டிக்கொண்டிருந்தார். இளைத்து, கன்னம் ஒட்டி, இருமிக்கொண்டிருந்தார்.

பூசாரி ஒரு வழி சொன்னார். துரை பெயரில் ஒரு குழி வெட்டி, வாழைத்தண்டு ஒன்றுக்குத் துணி சுற்றி அவராக நினைத்துப் புதைத்துவிட்டால் எல்லார் மாத்தும் ஒரேயடியாகத் தீரும். ஒரே நிபந்தனை. வெட்டுகிறவர்கள் வாங்கினவர்களாக மட்டும் இருக்க வேண்டும். வேறு கை படக் கூடாது.

மறுநாள் காலை, துரை ஓடைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து ஊரே மம்பட்டியோடு கூடியது. வாழைத்தண்டுக்குத் துரையின் கிழிந்த சட்டையைப் போட்டிருந்தார்கள். யாரோ ஒருவன் அதற்கு ஒரு தொப்பியும் வைத்திருந்தான். இடுப்பளவு ஆழம் வெட்டியாகிவிட்டது. பெண்கள் மெதுவாக ஒப்பாரிகூட ஆரம்பித்துவிட்டார்கள். அது பாசாங்கு அழுகை இல்லை.

மம்பட்டிச் சத்தம் ஓடை வரை கேட்கும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா குளிக்கும் மனிதரா அவர்? ஈரத் தலையோடு ஓடிவந்தார். "மீண்டும் நோயா? யார்?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் பொன்னான் கையிலிருந்த மம்பட்டியைப் பிடுங்கிக் குழிக்குள் குதித்து, மளமளவென்று வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

"வேண்டாங்க தொரை!" "மேல வாங்க சாமி!" "அய்யோ, அவரப் புடிங்கப்பா!" என்று ஊரே கத்தியது. அவர் நிறுத்தவில்லை. ஆள் உயரம் வெட்டி, அடியைச் சமமாக்கி, ஏறி வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்த வாழைத்தண்டைப் பார்த்தார்.

"இது யார்?" என்றார்.

பூசாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு. தன் குழியத் தானே வெட்டிட்டாரு. இதுக்கும் சேத்து மாத்து நிக்குது" என்றார்.

அந்த வாரமே மேல் ஆபீசிலிருந்து பேண்ட் போட்ட ஒருவர் வந்தார். துரைக்கு ஒரு வருடம் முடிகிறது, இன்னொரு வருடம் இருக்கத் தனக்குச் சம்மதம் என்று எழுதிவிட்டார், ஊருக்கும் சம்மதமா என்று கேட்க வந்திருப்பதாகச் சொன்னார். துரை பக்கத்தில் நின்றார். குளித்து, தலை வாரி, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

ஊர்க்கவுண்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "வேண்டாங்க. கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்.

"ஏன்? சரியா வேலை செய்யலையா?"

"செஞ்சாருங்க. போதுமுங்க."

துரையின் காது சிவந்தது. உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினார்.

இறங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். பேண்ட்காரர் முன்னால் போய்விட்டார். பாதி வழியில் ஒரு பாறை உண்டு. அங்கே துரை உட்கார்ந்து மலையைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதமாக எங்களோடு இருந்தும், பேச்சு மறுபடி ரேடியோவுக்குப் போய்விட்டது.

"சடையன், ஒரு வருடத்தில் நான் செய்தது குழி மட்டும்தான். எருக்குழியில் எரு விழவில்லை. கக்கூஸ் குழிக்கு ஒருவரும் போகவில்லை. மற்ற குழிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. போ என்று அவர்கள் சொன்னது நியாயம்தான்."

எனக்குப் பேச வராது என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் அதை அப்படியே விட்டு அவரை இறக்கிவிட என்னால் முடியவில்லை. திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். குழிக்குக் குழி. வீட்டில் ஒரே ஆள். வாழைத்தண்டு. அவர் இருமல். "நீங்க வேண்டாம்னு சொல்லலீங்க தொரை. நீங்க சாகக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். துண்டை எடுத்தபோது கண் இரண்டும் அவர் முதுகு மாதிரி சிவந்திருந்தன.

எழுந்து நடக்கும்போது சொன்னார்: "செல்லம்மா ஒருமுறை கேட்டார்கள், எங்கள் ஊரில் மண் இல்லையா என்று. அன்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் மண் உண்டு. கறுப்பு மண். வெட்டினால் பாறையே வராது."

அடிவாரத்தில் மம்பட்டியை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதையும் வாங்கிக்கொண்டு எங்கே போய்த் தீர்ப்பது? பஸ் ஜன்னலுக்கு வெளியே மம்பட்டிக் காம்பு நீட்டிக்கொண்டு போனதுதான் நாங்கள் கடைசியாகப் பார்த்தது.

அவர் ஊர் எது என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. இருந்தால் தலை நரைத்திருக்கும். எங்கள் ஊரில் பாக்கி வைத்தவர்களில் பாதிப் பேர் தீர்க்காமலேயே போய்விட்டார்கள். பொன்னான் போகும்போதுகூட, "சடையா, தொரை மாத்து அப்படியே நிக்குதுடா" என்று சிரித்துக்கொண்டே போனான். அந்த மாத்து நின்றும் எங்கள் சாமை ஒரு வருடமும் பதராகவில்லை.

களை, அறுப்பு, கூரை என்று நான் யாரிடம் வாங்கியதையும் வைத்துக்கொண்டதில்லை. இந்த ஒன்று மட்டும் எனக்குத் தீரவே வேண்டாம். நான் பாக்கிக்காரனாகவே போகிறேன், துரை. நீங்கள் அங்கே நன்றாக இருங்கள்.

எழுதி முடித்தது, கார்த்திகை மாதம், சாமை அடித்துக் களம் கூட்டிய வெள்ளிக்கிழமை.